பதினைந்து பவுண்டு டிரம் மெஷினும் ஸ்ட்ரீட்கிளீனரும்

கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். நான் போனது ஒன்பதரைக்கு. நல்ல டிரில் மெஷின், ஸ்பேனர் செட் எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் உடைந்த ரிமோட் கார்களுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி தெரிந்தது. தட்டுவதற்குப் பதினாறு பேடு, சின்னதாக ஒரு டிஸ்ப்ளே, மேலே அழுக்கேறிய எழுத்தில் அலேசிஸ் எச்ஆர்-16. பதிந்து வைத்த டிரம் ஒலிகளைத் தானே வாசிக்கும் டிரம் மெஷின். "ஓடுமா?" என்று கேட்டேன். விற்றவர் உதட்டைப் பிதுக்கினார். அடாப்டர் கிடையாது. 15 பவுண்டு கொடுத்து வாங்கி, யாராவது மனசு மாற்றிவிடப் போகிறார்கள் என்று வேகமாக நடந்தேன்.

எனக்கு வீட்டில் டிரம் மெஷினுக்குத் தேவை எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் இலவசமாக ஆயிரம் டிரம் ஒலி கிடைக்கிற காலம் இது. ஆனால் இந்த மாடல் வேறு. 1989 நவம்பரில் நான் இருக்கும் இதே பர்மிங்காமின் பையன்கள் வெளியிட்ட 'ஸ்ட்ரீட்கிளீனர்' என்ற ஆல்பத்தில் டிரம் வாசித்தது இந்த மெஷின்தான். பேண்டின் பெயர் காட்ஃப்ளெஷ். கிட்டாரும் குரலும் ஜஸ்டின் பிராட்ரிக், பேஸ் ஜி.சி. கிரீன். டிரம்ஸுக்கு ஆள் இல்லை. மெஷின் தாளமும் கனமான கிட்டாரும் கலந்த, இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்று இன்று நாம் சொல்லும் வகைக்கு அஸ்திவாரம் போட்ட நாலைந்து ஆல்பங்களில் ஒன்று. அந்த ஒலியை என்னால் என் அறையில் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்பதாவது தெரியுமே.

முதல் நாளே ஒரு முட்டாள்தனம் செய்தேன். அலமாரியில் பழைய மோடத்தின் 9 வோல்ட் அடாப்டர் கிடந்தது. முனை பொருந்தியது, செருகினேன். டிஸ்ப்ளே எரிந்தது! எழுத்து வந்தது. பேடைத் தட்டினால் பாட்டர்ன், அதாவது தாள வரிசை, ஓடுவது டிஸ்ப்ளேயில் தெரிகிறது, ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இல்லை. கேபிளை மாற்றினேன், வேறு அவுட்புட்டில் போட்டேன், ஆம்பை மாற்றினேன். இரண்டு மணி நேரம் போச்சு. கடைசியில் ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்கள் செத்துவிட்டன என்று நானே தீர்ப்பு எழுதி, எங்கள் வேலையிடத்தில் எலக்ட்ரிக்கல் பார்க்கிற யாழ்ப்பாணத்து அண்ணனிடம் பெட்டியை எடுத்துப் போனேன்.

அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"தம்பி, அடாப்டரைக் காட்டும்."

காட்டினேன்.

"இது டிசி எல்லோ. உதுக்கு ஏசி வேணும். பின்னுக்கு எழுதியிருக்கு, பாக்கேல்லையே?"

பின்னால் நிஜமாகவே எழுதியிருந்தது, 9 வோல்ட் ஏசி என்று. டிசி ஒரே திசையில் ஓடும் மின்சாரம், ஏசி திசை மாறி மாறி ஓடுவது. "அண்ணே, அப்போ டிஸ்ப்ளே எப்படி எரிஞ்சுது?" என்று சமாளிக்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகத் தாளில் வரைந்து காட்டினார். ஏசி அலையின் மேல்பாதியிலிருந்து ஒரு நேர் வோல்ட், கீழ்பாதியிலிருந்து ஒரு எதிர் வோல்ட் என்று உள்ளே இரண்டாகப் பிரிக்கிறார்கள். கணக்குப் போடும் சிப்புக்கு நேர் வோல்ட் மட்டும் போதும். ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும் பகுதிக்கு இரண்டும் வேண்டும். டிசி கொடுத்தால் ஒரு பக்கம்தான் வரும். அதனால் மூளை ஓடுகிறது, வாய் திறக்கவில்லை. பழைய டிரம் மெஷின், எஃபெக்ட் பெட்டி எது வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். 9 வோல்ட் ஏசி அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் கடையில் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் டிசியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

சரியான அடாப்டர் வந்தது. பவர் கொடுத்து முதல் பேடைத் தட்டினேன். கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம். காய்ந்த, குறுகிய, கொஞ்சம் அட்டைப்பெட்டித்தனமான கிக். ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆல்பத்தில் சுவர் இடிவது போலக் கேட்பது இங்கே அலமாரிக் கதவு சாத்துவது போலக் கேட்டது.

இந்த மெஷின் 1987-இல் வந்தது. அதற்கு முன் நிஜ டிரம் ஒலியை நல்ல தரத்தில் பதிவுசெய்து வைத்திருந்த மெஷின்கள் பெரும்பாலும் சாதாரணப் பையன்கள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. இது 49 ஒலிகளோடு, 16 பிட் தரத்தில், அமெரிக்காவில் 449 டாலருக்கு வந்தது. டிரம்மர் கிடைக்காதவர்களும், டிரம்மரோடு சண்டை போட்டவர்களும் வாங்கினார்கள். பிராட்ரிக் கதை வேறு: அவரே டிரம்மர். நேபாம் டெத் என்ற அதிவேக பேண்டின் 'ஸ்கம்' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்துவிட்டு, ஹெட் ஆஃப் டேவிட் என்ற பேண்டில் டிரம்ஸுக்குப் போனவர். டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர் தன் சொந்த பேண்டுக்கு மெஷினைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு வெகுநாள் விளங்காத விஷயம். ஆளுக்குப் பஞ்சம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக பாட்டர்ன் எழுதினேன். இருபதுக்கு மேல் இருக்கும். ஒரு சனிக்கிழமை, வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று என் மனைவி பிளக்கைப் பிடுங்கினாள். மாலையில் ஆன் செய்தால் எல்லாம் காலி. அவள்மேல் தப்பில்லை. உள்ளே நினைவகத்தைத் தாங்குகிற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி முப்பது வருடமாக மாற்றப்படாமல் இருந்திருக்கிறது. மல்டிமீட்டரில் 1.1 வோல்ட் காட்டியது.

என்னுடைய பெட்டியில் பேட்டரியின் கால்களை போர்டிலேயே சால்டர் செய்திருந்தார்கள். பழைய ஈயம் லேசில் உருகவில்லை. புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பிறகு செம்புத் திரியால் உறிஞ்சியபோதுதான் கால் விட்டது. லித்தியம் பேட்டரிமேலேயே சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம். அதனால் புதிதாக பேட்டரிக்குப் பதில் ஒரு ஹோல்டரை இரண்டு சின்ன ஒயரில் இழுத்து, பெட்டியின் உள்சுவரில் ஒட்டினேன். இனி யாராவது மாற்றினால் ஸ்க்ரூடிரைவர் போதும். இரண்டு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் மெஷின் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புகிறது. பேட்டரி மாற்றிய கையோடு அதைச் செய்யாவிட்டால் டிஸ்ப்ளேயில் கிறுக்கலாக ஏதேதோ வருகிறது.

இன்னொரு பாடம்: பின்னால் டேப் அவுட் என்று ஒரு துளை இருக்கிறது. அந்தக் காலத்தில் பாட்டர்ன்களை கேசட்டில் சேமிப்பதற்கு. அதைக் கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்து வைத்தேன். ஃபேக்ஸ் மெஷின் போல ஒரு நிமிடத்துக்குக் கிறீச்சிடுகிறது. ஆனால் அதுதான் என் காப்பு. அதைத் திரும்ப டேப் இன்னில் ஓட்டினால் எல்லாம் மீண்டும் வந்து உட்காருகிறது.

இனி ஒலி.

அட்டைப்பெட்டி கிக்கை எப்படி இறக்குவது? ஒவ்வொரு பேடுக்கும் சுருதியை ஏற்றி இறக்கலாம். ஒரு கிக்கை அப்படியே விட்டு, இன்னொரு பேடில் அதே கிக்கை முடிந்தமட்டும் இறக்கினேன். சுருதி இறங்கும்போது பதிவு மெதுவாக ஓடுகிறது. அதனால் ஒலியின் நீளமும் கூடுகிறது. ஒரு ஸ்தாயி இறக்கினால் இரண்டு மடங்கு நீளம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் முன்னதில் 'டக்', பின்னதில் 'தூம்ம்'. சுள்ளென்று அடிக்கும் சின்ன டிரம்மான ஸ்னேருக்கும் இதையே செய்தேன். இறக்கிய ஸ்னேர் தகரக் கொட்டகையில் மரக்கட்டை விழுவது போல ஆகிவிட்டது. அந்த இடத்தில்தான் முதல் முறையாக ஆல்பத்தின் வாடை அடித்தது.

ஆனால் பாட்டர்ன் இன்னும் சரியாக இல்லை. பேடுகள் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கொடுக்கும். நான் விரலால் தட்டிப் பதிவுசெய்தேன். ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக. கேட்டால் ஒரு சுமாரான மனிதன் டிரம்ஸ் வாசிப்பது போல இருந்தது. எரிச்சலில் எல்லா அடிக்கும் ஒரே சத்தம் வைத்தேன், எல்லாவற்றையும் மெஷினின் நேரக் கட்டத்துக்குள் தள்ளினேன். நிமிடத்துக்கு 76 அடி. ஒரு அடியை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 0.197 வினாடி; பதினாறு துண்டு ஒரு சுற்று. கிக் 1, 4, 7, 11 ஆகிய துண்டுகளில், ஸ்னேர் 5, 13-இல். ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு வேண்டாம். ஓடவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் அது தாளமாகவே கேட்கவில்லை. யாரோ நம் பேச்சைக் கேட்கவே போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது போல இருந்தது.

ஆல்பத்திலுள்ள 'கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்' பாட்டின் நடுவில் வரும் தாளம் பற்றி பிராட்ரிக் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார்: அது எரிக் பி அண்ட் ராக்கிமின் 'மைக்ரோஃபோன் ஃபீண்ட்' பாட்டிலிருக்கும் பிரேக்கை, அதாவது டிரம் துண்டை, காப்பியடிக்க முயன்றதாம். ஹிப்ஹாப்! அந்த பிரேக்கும் சும்மா வந்ததில்லை, 1975-இல் ஆவரேஜ் ஒயிட் பேண்ட் வாசித்த 'ஸ்கூல்பாய் கிரஷ்' பாட்டிலிருந்து எடுத்தது. இங்கிலாந்து டிரம்மர் ஸ்டீவ் ஃபெரோனின் கை, நியூயார்க் வழியாக பர்மிங்காமுக்கு வந்து, மணிக்கட்டே இல்லாத ஒரு பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது. நானும் முயன்றேன். அசலில் ஸ்னேரை ஒட்டி உரசுகிற மாதிரி மெல்லிய அடிகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டத்துக்குள் போட்டால் உரசல் போய் உடைசல்தான் மிஞ்சுகிறது. ஒரு நாள் முழுக்க முயன்று எனக்கு வந்தது அசலும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. நான் வேறு விதமாகத் தோற்றிருந்தேன். அவர்கள் தோற்றதை ஆல்பத்தில் வைத்தார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

கிட்டாருக்கு வருவோம். சுருதியைச் சாதாரண ஈ-யிலிருந்து (E) பி-க்கு (B) இறக்கினேன். பேஸையும் அப்படியே இறக்கியபோது கம்பிகள் துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து, கழுத்தின் குறுக்கே இருக்கும் ஃபிரெட் கம்பியில் பட்டுக் கடகடத்தன. இதற்கு வழி: ஐந்து கம்பி பேஸுக்கான செட் வாங்கி, மேலே இருக்கும் மெல்லிய கம்பியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலையும் நாலு கம்பி பேஸில் போடுவது. தடித்த கம்பி உட்கார, கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற துண்டில் பள்ளத்தை ஊசி அரத்தால் லேசாக அகலப்படுத்த வேண்டியிருந்தது. அரம் தேய்க்கும்போது கை நடுங்கினால் பள்ளம் ஆழமாகிவிடும், கம்பி ஃபிரெட்டில் இடிக்கும். ஒரு தேய், ஒரு பார்வை என்று போங்கள். இந்தத் தொய்ந்த கம்பி வித்தைக்கு இந்த ஊரிலேயே ஒரு மூதாதை உண்டு: பிளாக் சபாத் பேண்டின் கிட்டார்காரர் டோனி ஐயோமி, தகரப் பட்டறையில் வலதுகை விரல் நுனிகளை இழந்து, பிளாஸ்டிக் தொப்பிகள் செய்து மாட்டிக்கொண்டு, பின்னாளில் கம்பியைத் தளர்த்தி வாசித்தவர்.

பேஸின் அந்தக் கீழ் பி சுமார் 31 ஹெர்ட்ஸ். என் அறை ஸ்பீக்கர் 50-க்குக் கீழே எதையும் உருப்படியாகச் சொல்லாது. சுத்தமான பேஸ் ஒலியைக் கொடுத்தபோது கூம்பு ஆடுகிறது, காதில் ஒன்றும் இல்லை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டவுடன் 62, 93, 124 என்று மேல்மடங்குகள் எழுந்து வந்து, காது தானாகவே அடியில் இருப்பதை நிரப்பிக்கொள்கிறது. கிரீனின் பேஸ் ஏன் சங்கிலி இழுபடுவது போல இருக்கிறது என்பதற்கு இது ஒரு பாதி விடை. ஆல்பத்தில் பல இடங்களில் ராகம் என்று ஏதாவது இருந்தால் அது பேஸில்தான். கிட்டார் அதன்மேல் கூச்சலையும் விசிலையும் கொட்டுகிறது. நான் முதலில் கிட்டாரைக் கனமாக்கப் பார்த்து மூன்று நாள் வீணாக்கினேன். கிட்டாரின் அடிப்பகுதியை வெட்டி எறிந்த பிறகுதான் எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்தது.

பதிவு முடிந்து கம்ப்யூட்டரில் அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கிட்டார் ஒவ்வொரு அடியிலும் மெஷினுக்குப் பின்னால் 15 முதல் 20 மில்லிவினாடி தாமதமாக விழுந்திருந்தது. வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் இழுத்து மெஷினோடு ஒட்டினேன். கேட்டால் பாட்டு சுருங்கிவிட்டது! கனம் எங்கேயோ போய்விட்டது. மறுபடி பழைய இடத்துக்கே தள்ளினேன், கனம் வந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மெஷின் முன்னால் போகிறது, மனிதன் இழுபட்டுப் பின்னால் வருகிறான்; அந்த 20 மில்லிவினாடி இடுக்கில்தான் பாரம் இருக்கிறது. நல்ல டிரம்மர் உட்கார்ந்திருந்தால் நான் தளர்வதைக் கேட்டு அவரும் கொஞ்சம் தளர்வார், இடுக்கு மூடிவிடும். இந்தப் பெட்டி யாருக்காகவும் தளராது. டிரம்மர் ஒருவர் ஏன் மெஷினைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு விளங்கியது.

இந்த இசையைத் தொழிற்சாலைச் சத்தம் என்று எழுதுவது வழக்கம். நான் உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒன்பது பவர் பிரஸ் ஒரே கூரைக்குக் கீழே. அவை ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து நான் கேட்டதில்லை. ஒன்று நிற்கும், ஒன்று ஓடும், ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடிக்கும், காற்றுக் குழாய் சீறும். பட்டறையில் தாளம் கேட்டால் ஏதோ பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். மேலும் பிராட்ரிக் வளர்ந்தது ஷார்ட் எண்ட் என்ற கிழக்கு பர்மிங்காம் கவுன்சில் குடியிருப்பில். அவர் வளர்ந்த எண்பதுகளில் இந்த ஊரின் பட்டறைகள் மூடிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த ஆல்பத்தில் கேட்பது மெஷின் ஓடும் ஊர் இல்லை.

வெளியானபோது 'ஸ்ட்ரீட்கிளீனர்' விழுந்த இடமும் விசித்திரம். அதை வெளியிட்ட நாட்டிங்ஹாம் கம்பெனி இயரேக் ரெக்கார்ட்ஸ் என்றால் வேகம். நேபாம் டெத், கார்காஸ், அதே 1989-இல் மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்'. மனிதக் கால் எவ்வளவு வேகமாக அடிக்க முடியும் என்று போட்டி நடந்த வீட்டுக்குள், டிரம்மரே இல்லாமல், ஆமை வேகத்தில் ஒரு ஆல்பம். அட்டையில் கென் ரஸ்ஸலின் 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' படத்திலிருந்து எடுத்த, நெருப்புக்கு நடுவே சிலுவைகள் நிற்கும் காட்சி. பின்பாதிப் பாட்டுகளில் பால் நெவில் இரண்டாவது கிட்டார். தனி இ.பி.யாக (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடாக) வரவேண்டிய 'டைனி டியர்ஸ்' நாலு பாட்டும் சிடியில் கடைசியில் சேர்ந்ததால் மொத்தம் பதினாலு. உண்மையைச் சொன்னால் அந்த நாலையும் நான் பெரும்பாலும் கேட்பதில்லை. பத்தாவதோடு களைத்துவிடுகிறேன்.

மெதுவாகத்தான் பேர் பரவியது. 1991-இல் காட்ஃப்ளெஷ் நேபாம் டெத்தோடு அமெரிக்கா போனார்கள். 1994-இல் 'செல்ஃப்லெஸ்' கொலம்பியா என்ற பெரிய கம்பெனியின் பெயரோடு வந்தது. பிறகு மனித டிரம்மர்களையும் வைத்துப் பார்த்தார்கள்: 1996-இல் பிரையன் மாண்டியா, 2001-இன் 'ஹிம்ஸ்' ஆல்பத்தில் டெட் பார்சன்ஸ். இருவரும் அபாரமான ஆட்கள். 2002-இல் பேண்ட் கலைந்தது. 2010-இல் மீண்டும் சேர்ந்தபோது மேடையில் பழையபடி இரண்டு பேரும் மெஷினும்தான். 2011-இல் நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் 'ஸ்ட்ரீட்கிளீனர்' முழுவதையும் வாசித்தார்கள். அந்தப் பதிவு ஆல்பமாகவும் வந்திருக்கிறது. 2013-இல் அமெரிக்கப் பாடகர் மார்க் கோசெலெக் அந்த ஆல்பத்தின் 'லைக் ராட்ஸ்' பாட்டை மெல்லிய கிட்டாரோடு பாடி, தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். அதைக் கேட்டபோதுதான் அந்தக் கூச்சலுக்கு அடியில் ஒரு மெட்டு இருந்திருக்கிறது என்றே தெரிந்தது.

என் ஆல்பத்துக்கு, ஆல்பம் என்ன, நாலு நிமிட ஒற்றைப் பாட்டுக்கு, வரவேற்பு சுருக்கமானது. ஹெட்ஃபோனை மனைவியிடம் கொடுத்தேன். நாலு நிமிடமும் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாருக்குங்க. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு போனில் அனுப்பினேன். மறுநாள் டீ நேரத்தில் வந்து, "சத்தம் வருது எல்லோ? அப்ப சரி" என்றார். அவர் அடாப்டரைச் சொல்கிறார்.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. பேடுகளை எல்லாம் கழற்றி, அடியிலிருக்கும் தொடுபரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பதினைந்து பேடு உயிர்பெற்றன. வலது ஓரத்தில் ஒன்று மட்டும் இரண்டு தட்டுக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. அதற்குக் கைதட்டல் ஒலியைப் போட்டு வைத்திருக்கிறேன்.